ரன்அவுட் 0.012, சி.பி.கே. 0.80: எங்கே இடிக்கிறது?

கேள்வி: ஜூன் 8, இரவு 9.40

அண்ணாச்சி, கங்கைகொண்டான் பக்கம் ஒரு சிறிய மெஷின் ஷாப்பில் தர ஆய்வாளராக இருக்கிறேன். புஷ் (உருளை வளையம்) ஒன்றுக்கு ரன்அவுட், அதாவது சுழற்றும்போது டயலில் தெரியும் ஆட்டம், அதிகபட்சம் 0.05 மி.மீ. என்று வரைபடம் சொல்கிறது. 50 உருப்படி அளந்தேன். சராசரி 0.012, திட்ட விலக்கம் (சிக்மா) 0.005. ஒன்றுகூட 0.03ஐத் தாண்டவில்லை. ஆனால் வேலை வரம்புக்குள் எவ்வளவு நன்றாக அடங்குகிறது என்று சொல்லும் சி.பி.கே. எண்ணை மென்பொருள் 0.80 என்று காட்டுகிறது. வாடிக்கையாளர் கேட்பது 1.67. இது இயல்நிலைப் பரவல் (மணி வடிவம்) இல்லை என்றும் ஓர் எச்சரிக்கை வருகிறது. அளவுகளை மணி வடிவத்துக்கு வளைக்கும் பாக்ஸ்-காக்ஸ் மாற்றம் போட்டு எண்ணை ஏற்றச் சொல்கிறார் மேலாளர். போடலாமா?

ஜூன் 8, இரவு 10.20

மாற்றம் கிடக்கட்டும் தம்பி. கீழ் வரம்பு கேட்கும் கட்டத்தில் என்ன நிரப்பினீர்? பூஜ்யம்தானே? சராசரிக்கும் அருகில் உள்ள வரம்புக்கும் இடையே உள்ள தூரத்தை மூன்று சிக்மாவால் வகுப்பதே சி.பி.கே. சராசரி 0.012. மூன்று சிக்மா 0.015. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.80. மேல் வரம்பான 0.05க்கும் அந்த எண்ணுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ரன்அவுட் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. அது அளவின் இயல்பு. வரைபடம் போட்டவர் கேட்ட வரம்பு அன்று. அதை வரம்பாக நிரப்பினால் ஒரு வேடிக்கை நடக்கும். செட்டிங்கைச் சரிசெய்து சராசரியை 0.008க்கு இறக்கினீர் என்று வையும். சிக்மா மாறாவிட்டால் சி.பி.கே. 0.53 ஆகிவிடும். வேலை திருந்தத் திருந்தத் திட்டு வாங்குவீர். கட்டத்தைக் காலியாக விட்டு மறுபடி ஓட்டும்.

ஜூன் 9, காலை 7.05

2.53 வந்ததும் அறிக்கையை அச்செடுக்கச் சொல்லிவிட்டாராமே மேலாளர். காகிதத்தை மிச்சப்படுத்தும்.

பரவல் இயல்நிலையில் இல்லை என்ற எச்சரிக்கை 0.80 வந்தபோது உம் கண்ணில் பட்டது. 2.53 வந்தபோது அதே எச்சரிக்கை அதே இடத்தில்தான் இருந்திருக்கும். 0.05இலிருந்து 0.012ஐக் கழித்து 0.015ஆல் வகுத்தால் 2.53. இந்தக் கணக்கு, சராசரிக்கு மேலே மூன்று சிக்மா தூரத்தில், அதாவது 0.027இல், 99.865 சதவீத உருப்படிகள் அடங்கிவிடும் என்று எடுத்துக்கொள்கிறது. இடமும் வலமும் ஒன்றுபோல இருக்கும் மணி வடிவத்துக்கு அது சரி. உம்முடையது இடப்பக்கம் பூஜ்யச் சுவரில் முட்டிக்கொண்டு, வலப்பக்கம் வால் நீண்டு கிடக்கும் பரவல்.

வால் நீண்டதற்கு வேறு கணக்கு உண்டு. சராசரிக்குப் பதில் இடைநிலை அளவை (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை) எடுக்கவேண்டும். மூன்று சிக்மாவுக்குப் பதில், 99.865 சதவீதம் எந்த இடத்தில் அடங்குகிறதோ அந்த இடத்தை எடுக்கவேண்டும். உமது சராசரிக்கும் விலக்கத்துக்கும் லாக்நார்மல் (வலப்பக்கம் வால் நீளும் ஒரு பரவல்) பொருத்தினால் இடைநிலை அளவு 0.0111, அந்த மேற்புள்ளி 0.0368. 0.05இலிருந்து இடைநிலை அளவு வரை உள்ள தூரத்தை, மேற்புள்ளியிலிருந்து இடைநிலை அளவு வரை உள்ள தூரத்தால் வகுத்தால் 1.51.

0.80, 2.53, 1.51. மூன்றும் அதே 50 புஷ்தான். வாடிக்கையாளர் கேட்ட 1.67 நடுவில் நிற்கிறது.

ஜூன் 9, பிற்பகல் 1.30

'லாக்நார்மல்தான் என்று எப்படித் தெரியும்?' என்று கேட்டிருக்கிறார் ஒருவர். தெரியாது. பொருத்திப் பார்த்தது, அவ்வளவுதான்.

ரன்அவுட் எப்படிப் பிறக்கிறது என்று யோசித்தால் வேறொரு வடிவம் வரும். மையம் கிழக்கு மேற்காகக் கொஞ்சம், வடக்கு தெற்காகக் கொஞ்சம் விலகுகிறது. இரண்டு விலக்கமும் ஒரே அளவில், பூஜ்யத்தைச் சுற்றி இயல்நிலையில் பரவினால், மையம் விலகிய மொத்தத் தூரம் ரேலே பரவலில் வரும். டயல் காட்டுவது அந்தத் தூரத்தைப்போல இரண்டு மடங்கு. ரேலேயில் சராசரியை விலக்கத்தால் வகுத்தால் எப்போதும் 1.91தான். தம்பியின் கணக்கில் 2.4. அப்படியானால் மையம் பூஜ்யத்தைச் சுற்றி அலையவில்லை. ஏதோ ஒரு பக்கமாகவே தள்ளி நின்று, அங்கிருந்து அலைகிறது. எனக்குச் சந்தேகம் உருப்படியைக் கவ்வும் சக்கின் தாடை மேல்.

தம்பி, அந்த 50ஐயும் எந்த லேத்தில் எடுத்தீர்? எந்த வரிசையில்? சராசரியும் விலக்கமும் மட்டும் வேண்டாம், அளவுகளை அப்படியே அனுப்பும்.

ஜூன் 10, இரவு 8.50

பஞ்சாலையில் வேலை பார்த்த நண்பர் ஒருவர், நூலில் இந்தத் தொல்லை எல்லாம் கிடையாது, எல்லாம் மணி வடிவம்தான் என்கிறார். ஐயா, நானும் தென்காசிப் பக்கம் ஒரு பஞ்சாலையில் குப்பை கொட்டியவன்தான்.

புதியவர்களுக்காகச் சொல்கிறேன். நூலின் நம்பர் (நூல் தடித்தால் குறையும் எண்) பார்க்க ஒன்றரை கெஜச் சுற்றளவுள்ள ரீலில் 80 சுற்றுச் சுற்றுவார்கள். அது 120 கெஜம், ஒரு லீ. அதைத் தராசில் வைத்து, 64.8ஐ அதன் கிராம் எடையால் வகுத்தால் நம்பர் வரும். நாற்பதாம் நம்பர் நூல் ஒரு லீ 1.62 கிராம். தும்மினால் தராசின் முள் ஆடும் எடை.

ஆனியில் சாரல் விழத் தொடங்கினால் பஞ்சு ஈரத்தைக் குடிக்கும். பஞ்சுக்கு வணிகத்தில் ஒப்புக்கொண்ட ஈரம் 8.5 சதவீதம். அது 10 ஆகிவிட்டது என்று வையுங்கள். நூலில் ஒரு மாற்றமும் இல்லை, ஆனால் லீ கனக்கிறது, நாற்பது 39.45 என்று காட்டும். ஷிப்டு மேற்பார்வையாளர் தாளைப் பார்ப்பார், நூல் தடித்துவிட்டது என்பார், நூலின் தடிமனை மாற்றும் பல்சக்கரமான டிராஃப்ட் பினியனை மாற்றச் சொல்வார். மத்தியானம் மேகம் விலகி வெயில் அடித்தால் நூல் மெலிந்துவிட்டது என்று அடுத்தவர் வந்து பழைய பினியனை மாட்டுவார். மாதக் கடைசியில் எல்லா லீயையும் ஒன்றாகக் கொட்டி எந்த அளவில் எத்தனை என்று படம் (ஹிஸ்டோகிராம்) வரைந்தால் நடுவில் பள்ளம் விழுந்து இரண்டு திமில்கள் தெரியும். தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர் அந்தப் படத்துக்கு எந்தப் பரவல் பொருந்தும் என்று மென்பொருளில் தேடிக்கொண்டிருந்தார். பினியனை மாற்றிய நேரம் ஷிப்டு நோட்டில் பென்சிலால் எழுதியிருந்தது. அதை யாரும் புரட்டவில்லை.

அவர் கையில் இருந்த சி.பி.கே. மட்டும் நன்றாகவே இருந்தது. அது எப்படி என்றால், சி.பி.கே.க்கு உரிய சிக்மாவை அடுத்தடுத்து எடுத்த சிறு தொகுதிகளின் வீச்சிலிருந்து (பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து) கணக்கிடுகிறார்கள். ஐந்தைந்தாக எடுத்தால் சராசரி வீச்சை 2.326ஆல் வகுக்கவேண்டும். ஒரே மணி நேரத்தில் எடுத்த ஐந்து லீயிலும் ஒரே ஈரம், ஒரே பினியன். தொகுதிக்குள் வேறுபாடு சிறியது. தொகுதிக்கும் தொகுதிக்கும் இடையே இருப்பது அந்தச் சிக்மாவில் ஏறவே ஏறாது. பி.பி.கே. என்ற இன்னோர் எண் மொத்தக் குவியலின் விலக்கத்தை எடுப்பதால் அது சாரலையும் பினியனையும் சேர்த்து விழுங்கிக் கீழே நிற்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் தலைமை அலுவலகத்துக்காரர் படித்திருக்கவேண்டிய எண்.

தம்பியின் 50ஐ ஒரே குவியலாக எடுத்துக் கணக்குப் போட்டதால், என்னுடைய 1.51 சரியாகச் சொன்னால் பி.பி.கே.

ஜூன் 11, காலை 6.40

30 உருப்படி அளந்து சி.பி.கே. 1.33 வந்த லாட்டை எடுத்துக்கொண்டு, 1.31 வந்த லாட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்ற புலம்பலைப் படித்தேன். 30 உருப்படியில் வந்த 1.33இன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி ஏறக்குறைய 0.97 முதல் 1.69 வரை. 100 அளந்தாலும் 1.13 முதல் 1.53 வரை. இரண்டாம் தசம இடத்துக்காகச் சண்டை போடுகிறவர்கள் முதல் தசம இடத்தையாவது உறுதிசெய்துகொள்ளட்டும். பாதிக் கம்பெனிகளின் கொள்முதல் பிரிவில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள்.

ஜூன் 11, இரவு 9.15

இந்தப் புள்ளியியல் தரக் கட்டுப்பாடெல்லாம் வெளிநாட்டுக்காரன் சரக்கு, நமக்கு எதற்கு என்று ஒரு குரல். அமெரிக்காவில் டெலிபோன் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கில் ஷூஹார்ட் முதல் கட்டுப்பாட்டு வரைபடத்தை வரைந்து மேலதிகாரியிடம் கொடுத்தது 1924 மே மாதம். கல்கத்தாவில் மகலனோபிஸ் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியது 1931. அந்த ஷூஹார்ட்டே 1947-48இல் இங்கே வந்துபோனார். எழுபது எண்பது ஆண்டுகளாக வீட்டுக்குள் இருக்கும் சரக்குக்கு இன்னும் அந்நிய முத்திரை.

ஜூன் 13, பிற்பகல் 3.10

தம்பி அளவுகளை அனுப்பிவிட்டார். இரண்டு லேத். ஒற்றைப்படை எண் போட்ட உருப்படிகள் முதல் லேத்தில் ஓடியவை, இரட்டைப்படை இரண்டாவதில். பெட்டியில் கலந்துபோய், அப்படியே அளந்திருக்கிறார்.

பிரித்துப் போட்டேன். முதல் லேத்: சராசரி 0.009, விலக்கம் 0.003. இரண்டாவது: 0.015, 0.0048. அதே லாக்நார்மல் வழியில் முதலாவதுக்கு 2.95, இரண்டாவதுக்கு 1.61. 25 உருப்படியில் வந்த எண்கள் என்பதால் நேற்று முன்தினக் காலைக் குறிப்பை நினைவில் வைத்துக்கொள்ளவும். ஆனாலும் திசை தெரிகிறது. 1.51 என்று நான் சொன்ன எண் எந்த லேத்துக்கும் சொந்தமில்லை. பாக்ஸ்-காக்ஸ் போட்டிருந்தால் இந்தக் கலவை இன்னும் அழகாக மறைந்திருக்கும். இரண்டாம் லேத் நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கும்.

பரவல் வளைந்திருந்தால் என் முதல் கேள்வி எப்போதும் எந்த மெஷின், எந்த ஷிப்டு, எந்த அச்சு என்பதுதான். அதற்கெல்லாம் பதில் வந்தபிறகும் வளைவு மிஞ்சினால்தான் கணிதத்துக்கு வேலை. ரன்அவுட்டில் நிச்சயம் மிஞ்சும், பூஜ்யம் இருக்கிறதே.

இரண்டாம் லேத்தின் சாஃப்ட் ஜா (சக்கின் மென்தாடை) எப்போது கடைந்தது என்று கேட்டிருக்கிறேன்.

ஜூன் 14, இரவு 10.05

வரிசையாகச் சில.

வெளிவிட்டம் கடைகிறவருக்கு: உங்கள் படத்தின் உச்சி தட்டையாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. டூல் தேயத் தேய விட்டம் சீராக ஏறும். ஆப்செட் கொடுத்தால் (டூலின் இடத்தைத் திருத்தினால்) திரும்ப இறங்கும். ஏறும் வழியில் எல்லா அளவிலும் சம நேரம் தங்குவதால் சீர்ப் பரவல். அகலம் 0.03 என்றால் விலக்கம் அதை ரூட் 12ஆல் வகுத்தது, 0.00866. ஆறு சிக்மா 0.052. டாலரன்ஸ் (வரைபடம் அனுமதிக்கும் வேறுபாடு) மொத்தம் 0.04 இருந்தால், அதை ஆறு சிக்மாவால் வகுக்கும் சி.பி. 0.77 என்று எழுதி வரும். ஆனால் உருப்படிகளோ 0.03க்குள்தான் கிடக்கும். எண் பயமுறுத்துகிறது, பெட்டியில் ரிஜெக்ட் இல்லை. ஆப்செட் கொடுக்கும் இடைவெளியைத் தாளில் குறித்து அனுப்புங்கள். ஒப்புக்கொள்ளும் வாடிக்கையாளரும் உண்டு, ஒப்புக்கொள்ளாதவரும் உண்டு.

'எங்கள் படம் மேல் வரம்பில் கத்தியால் வெட்டியதுபோல நிற்கிறது, ஒன்றுகூட வெளியே இல்லை' என்று பெருமைப்படுகிறவருக்கு: பொறுக்கி எறிந்ததை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

தாழையூத்துப் பக்கம் கட்டுமானத்தில் இருப்பவருக்கு: ஆமாம், உங்களுக்குக் கீழ் வரம்பு மட்டும்தான். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநூல் ஐ.எஸ். 456 முறையில் எம்25 கான்கிரீட் என்றால் வலிமை 25 மெகாபாஸ்கலுக்குக் கீழே 5 சதவீதத்துக்கு மேல் விழக்கூடாது. அதனால் கலவையை 25உடன் 1.65 மடங்கு விலக்கத்தைக் கூட்டி வடிவமைக்கிறீர்கள். விலக்கம் 4 என்று எடுத்தால் 31.6. கட்டுப்பாடு கைக்குள் வந்து விலக்கம் குறைந்தால் சிமெண்டு மிச்சம்.

ஜூன் 17, காலை 11.20

கல்லிடைக்குறிச்சியில் கொழுந்தியாள் வீட்டில் அப்பளம் போடுகிறார்கள். போன இடத்தில் சும்மா இருக்க முடியாமல் 200 கிராம் பாக்கெட்டுகளை எடுத்துத் தராசில் வைத்துக்கொண்டே இருந்தேன். எல்லாரும் சிரித்தார்கள்.

படம் பார்க்கத் தக்கது. 200க்கு இடப்பக்கம் ஒன்றும் இல்லை, வெறும் சுவர். 200இலிருந்து 207 வரை ஏறக்குறைய சமமாகப் பரவி, பிறகு மறுபடி சுவர். அடுக்குகிறவரின் கையைக் கவனித்தால் விளங்கும். தராசு 200க்குக் கீழே காட்டினால் இன்னோர் அப்பளம் வைப்பார். 200 தாண்டிவிட்டால் கட்டிவிடுவார். ஓர் அப்பளம் ஏழு கிராம் சுமார். ஆகவே மிகுதி பூஜ்யத்திலிருந்து ஏழு வரை எதுவாகவும் இருக்கலாம். சராசரியாகப் பாக்கெட்டுக்கு அரை அப்பளம் தானம்.

பொட்டலப் பொருள் விதியில் 200 கிராமுக்குத் தனிப் பாக்கெட்டில் 4.5 சதவீதம், 9 கிராம் வரை குறை பொறுத்துக்கொள்ளப்படும். ஆனால் சராசரி 200க்குக் கீழே போகக் கூடாது. இதைச் சொன்னால் 9 கிராம் குறைக்கலாம் என்று மட்டும் காதில் விழும் ஆட்கள் உண்டு என்பதால், கொழுந்தியாளிடம் வேறு வழி சொன்னேன்: கடைசி அப்பளத்துக்கு மட்டும் சிறியதும் பெரியதுமாக இரண்டு தட்டு வைத்துக்கொண்டு பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். 'வாய்க்குச் சுலபம் மச்சான், கைக்கு யார் கூலி தருவது?' என்று கேட்டாள். அரை அப்பளத்தின் விலையையும் அந்த நேரத்துக்கான கூலியையும் போட்டுப் பார்த்தோம். தானமே மலிவு.

ஜூன் 19, இரவு 9.30

பணகுடிக் காற்றாலைக்காரர் காற்றின் வேகத்துக்குப் பொருத்தும் வைபுல் பரவல் பற்றிக் கேட்டிருந்தார். தலைப்பிலிருந்து விலகுகிறோம், பரவாயில்லை; வாசலில் காற்று ஊளையிடும் மாதம்.

வைபுல் என்பவர் சுவீடன் நாட்டுப் பொறியாளர். 1951இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் காற்று கிடையாது. எஃகின் வலிமை, சாம்பல் துகளின் அளவு, பீன்ஸ் விதையின் அகலம் என்று பலவற்றுக்குத் தம் பரவலைப் பொருத்திக் காட்டினார். அதில் ஒன்று இந்தியப் பருத்தி இழையின் வலிமை. பஞ்சாலை நண்பர் கவனிக்கவும்.

அதன் வடிவ எண் 2 ஆனால் அதுவே மேலே சொன்ன ரேலே. காற்றின் ஆற்றல் வேகத்தின் கனத்தை (மும்மடியை) பொறுத்தது. ரேலேயாக இருந்தால் கனங்களின் சராசரி, சராசரியின் கனத்தைப்போல 1.91 மடங்கு. ஆண்டுச் சராசரி வேகத்தை எடுத்துக் கனப்படுத்திக் கணக்குப் போட்டவர் கிடைக்கப்போவதில் பாதியைத்தான் எதிர்பார்ப்பார். அப்புறம் இன்னொன்று: ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்கும் மற்ற மாதங்களின் காற்றும் இரண்டு லேத் மாதிரி. முழு ஆண்டுக்கும் ஒரே வளைவு பொருத்துமுன் பிரித்துப் பாரும்.

ஜூலை 2, மாலை 6.00

இரண்டாம் லேத்தின் தாடை பல மாதங்களுக்கு முன் வேறொரு வேலைக்காகக் கடைந்தது. அதே தாடையில் புஷ்ஷைக் கவ்வவைத்து ஓட்டியிருக்கிறார்கள். இப்போது வளையம் ஒன்றைக் கவ்வவைத்து, வேலையின்போது கொடுக்கும் அதே அழுத்தத்தில், அந்த லேத்திலேயே கடைந்துவிட்டார்களாம். புதிய சராசரி 0.011.

நல்லது. ஆனால் முதல் லேத் 0.009இல் நிற்கிறதே, இந்த 0.002 எங்கிருந்து? இரண்டாம் லேத்தின் உருப்படியை எந்த டயலில், எப்படி அளக்கிறீர் என்று ஒரு படம் எடுத்து அனுப்பும். வாடிக்கையாளரின் படிவத்தில் சி.பி. என்ற கட்டம் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர். ஒரு பக்க வரம்புக்குச் சி.பி. கிடையாது. 'பொருந்தாது' என்று எழுதும்.

ஜூலை 4, காலை 7.30

படம் பார்த்தேன். லிவர் டயலின் முனை உருப்படிமேல் முப்பது டிகிரி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஸ்டாண்டு எட்டாததால் அப்படி வைத்திருக்கிறார்கள் போலும். சாய்ந்த லிவர் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும்; உண்மை அளவு வேண்டுமானால் கோணத்தின் கொசைனால் பெருக்கவேண்டும். முப்பது டிகிரிக்கு 0.866. 0.011 என்பது 0.0095 ஆகிறது. முதல் லேத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

அதற்காகப் பழைய எண்களை 0.866ஆல் பெருக்கி அனுப்பிவிடாதீர். உயரமான ஸ்டாண்டு வாங்கச் சொல்லும். பத்து உருப்படியை இரண்டு பேர் மும்மூன்று முறை அளந்து, கேஜால் (அளக்கும் கருவியால்) வரும் வேறுபாடு மொத்த வேறுபாட்டில் 10 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று முதலில் பாரும். 30 தாண்டினால் அளந்ததெல்லாம் வீண். அதன்பிறகு புதிதாக அளந்து, லேத்துக்கு ஒரு தாளாக அனுப்பும்.